பதினான்கு சுழிகள்

செப்டம்பர் 6

பெரியவனுக்கு,

பதினொரு நிமிடம் எனக்கு முன்னால் பிறந்ததற்காக இந்தப் பட்டத்தை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தலைக்கனம் வேண்டாம்.

விடுதிக்கு வந்த அன்றே ஃபோனை வாங்கி, எண் ஒட்டிய பையில் போட்டு, இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டார்கள். பரீட்சை எழுதி, முடிவு வந்த பிறகுதான் கண்ணில் காட்டுவார்களாம். கடிதத்துக்குத் தடை இல்லை. சனிக்கிழமை காலையில் வார்டனம்மா ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கொண்டுவந்து வைப்பார். அறைக்கு ஆறு கட்டில். என்னுடையது குளியலறைக் கதவை ஒட்டியது. யார் எப்போது போகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி.

நீ கேள்வி எழுதி அனுப்பும் வாரத் தாள் வந்தது. பல் செட் செய்யும் உன் லேபின் பழைய ஆர்டர் தாளுக்குப் பின்பக்கம் நாற்பது கேள்வி. முன்பக்கம், "கீழ்த்தாடை, முழு செட், அவசரம்." பக்கத்துக் கட்டில்காரி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பாடத்துல வருது?" என்று கேட்டாள். எங்கள் குடும்பப் பாடம் என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வாராவாரம் மாதிரித் தேர்வு. என் மதிப்பெண் 112, 115, 113, 114. போன வருடம் மருத்துவக் கல்லூரிக்கு 120 வேண்டியிருந்தது. நான் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார்; பேசும்போதே மணிக்கட்டைப் பார்ப்பதால் எல்லாரும் கடிகாரம் என்பார்கள். அவர் என்னை நிறுத்திச் சொன்னார்: "உனக்குத் தெரியாம இல்லம்மா. தெரிஞ்சத நீ போடறதுக்குள்ள மணி அடிச்சிருது. நீ ஏன் புதுசுக்கு மாறக் கூடாது?"

பரீட்சை இரண்டில் நமக்குப் பழசு ஒன்றுதான் தெரியும். நூற்றெண்பது கேள்வி, மூன்று மணி நேரம், ஒவ்வொரு தப்புக்கும் அரை மதிப்பெண் போகும். புதுசு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதே மூன்று மணி நேரம், ஆனால் நூறு கேள்விதான். கேள்விகள் நீளம், உட்கார்ந்து யோசிக்கலாம். கல்லூரிகள் இரண்டில் எதையும் ஏற்கும். வருடத்துக்கு ஒன்றைத்தான் எழுத முடியும். இந்த மாதம் இருபதிலிருந்து முப்பது வரை மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் கதவு சாத்தியது சாத்தியதுதான்.

மாறட்டுமா? அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் உன்னைக் கேட்கிறேன்.

சின்னவள்


செப்டம்பர் 12

சின்னவளுக்கு,

மாறாதே.

ஒரே வரியில் முடித்திருப்பேன். ஆனால் உனக்கு மறதி அதிகம் என்பதால் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன். போன வருடம் ஒரே கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து எழுதினோம். நீ 118. நான் 116. கடைசிப் பத்து நிமிடத்தில் பயந்துபோய் இருபத்திரண்டு கேள்விக்குக் குருட்டாம்போக்கில் போட்டேன். நாலு சரி, பதினெட்டு தப்பு. கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் 121. இந்நேரம் நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன்.

அதற்கப்புறம்தான் நாம் அந்த விதியை வைத்தோம். தெரியாத கேள்வி என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டுவிட்டுத் தாண்டு. தொடாதே. வீட்டில் பயிற்சி செய்யும்போது ஊகத்தில் போட்டு மாட்டிக்கொண்டவர் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். ஒரு மாதம் முழுக்க நான்தான் தேய்த்தேன், நீ கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாய். அந்த விதியைக் கையில் ஏற்றுவதற்கு எனக்கு அவ்வளவு நாள் ஆயிற்று.

விடுதிக்கு வீட்டிலிருந்து ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்று அம்மா சொன்னபோது என்ன பேசினோம்? இரண்டு மதிப்பெண் கூட எடுத்த நீ இந்த வருடம். நீ தேறாவிட்டால் அடுத்த வருடம் நான், நீ லேபுக்கு. நான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. மறுநாளே வந்து பிளாஸ்டர் கலக்க ஆரம்பித்தேன். யாரோ கடித்த அச்சு வரும். அதில் பிளாஸ்டரை ஊற்றி, காய்ந்ததும் பிரித்து, ஓரத்தைத் தேய்த்து, முதலாளியிடம் நீட்ட வேண்டும். அவர் விளக்கில் பிடித்துப் பார்த்து, "குமிழி இருக்கு, திரும்ப ஊத்து" என்பார். ஒரு நாளில் முப்பது வாய். ஒரு வாயும் பேசாது என்பதுதான் ஒரே நிம்மதி.

பழசை நாம் இரண்டு வருடம் கரைத்துக் குடித்திருக்கிறோம். எவனோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான் என்பதற்காக அதைத் தூக்கி எறிவாயா? அந்தக் கட்டில் உன் கட்டில் மட்டும் இல்லை.

பெரியவன்


செப்டம்பர் 19

பெரியவனுக்கு,

என் கட்டிலில் பாதி உன்னுடையது என்று சொல்லிவிட்டாய். ராத்திரி எந்தப் பக்கம் ஒதுங்கிப் படுப்பது என்றும் எழுதியிருக்கலாம்.

கடிகாரத்திடம் புதுசின் பழைய கேள்வித்தாள் ஒன்றை வாங்கி எழுதிப் பார்த்தேன். மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே முடித்துவிட்டேன். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன பெயர்? ஆமை. அந்தப் பெயரை வைத்தவன் நீ. நூற்றுக்கு 70. போன வருடம் புதுசில் 71 எடுத்தவர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். ஒன்றும் தயார் செய்யாமல் 70.

"நாம் இரண்டு வருடம்" என்கிறாய். எழுதப் போவது நாம் இல்லை, நான். நீ விட்டுக்கொடுத்தாய், அதை நான் எந்த நாளும் மறக்கவில்லை. ஆனால் விட்டுக்கொடுத்ததைக் கயிறாகத் திரித்து என் காலில் கட்டாதே.

முப்பதாம் தேதி கடைசி. சரி என்று ஒரு வார்த்தை எழுது. இல்லாவிட்டாலும் மாறுவேன், ஆனால் எழுது.

சின்னவள்


செப்டம்பர் 25

சின்னவளுக்கு,

அம்மாவிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவ பரீட்சைய அவதான எழுதப் போறா. நீ ஏன் குதிக்கிற?" என்றார். அம்மாவுக்கு நீ சொன்னால் சரி, நான் சொன்னால் குதிப்பு.

உன் இஷ்டம். சரி என்று எழுதமாட்டேன்.

பெரியவன்


அக்டோபர் 2

பெரியவனுக்கு,

மாறிவிட்டேன். இருபத்தொன்பதாம் தேதி ஆபீஸ் அறையில் அந்தப் பையன் கணினியில் பெயரைக் கொண்டுவந்து, "யோசிச்சிட்டீங்களா? அழுத்தினா அழுத்தினதுதான்" என்றான். உன் பதில் அன்றைக்குக் காலையில்தான் வந்திருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அழுத்தச் சொன்னேன்.

இந்த இடம் பழசுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுக்கும். மாறியவர்கள் நாங்கள் மூன்று பேர். சமையலறைக்குப் பக்கத்தில் மூட்டைகள் வைக்கும் அறையில் மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கடிகாரம் வாரம் ஒரு முறை எட்டிப் பார்ப்பார். அதனால் உன் தாள்தான் எனக்குப் பெரிய துணை. கோபத்தில் நிறுத்திவிடாதே. பழசுக்காகச் சேர்த்த கேள்விகளே போதும், இயற்பியல் எங்கே கேட்டாலும் இயற்பியல்தான்.

ஒன்றே ஒன்று. புதுசில் தப்புக்குக் கழிப்பது கிடையாது. தெரியாததற்கும் ஏதாவது ஒன்றைப் போடலாம், போட வேண்டும். இனிமேல் அந்தக் கணக்கில் திருத்து.

சின்னவள்


அக்டோபர் 10

சின்னவளுக்கு,

தாள் இத்துடன் இருக்கிறது. நிறுத்தினேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

ஆனால் நான் திருத்துவது என் கணக்கில்தான். தெரிந்ததைப் போடு, தெரியாததற்குச் சுழி. ஊகத்தில் போட்டால் அரை மதிப்பெண் போகும். நீ பரீட்சையை மாற்றிக்கொள்ளலாம், என் நீலப் பென்சிலை மாற்ற முடியாது. பிடிக்காவிட்டால் மூட்டை அறையில் இருக்கும் மற்ற இரண்டு பேரிடம் கொடுத்துத் திருத்திக்கொள்.

பெரியவன்


நவம்பர் 14

பெரியவனுக்கு,

ஐந்து வாரமாகத் தாள் மட்டும் வருகிறது, கடிதம் இல்லை. உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கூடப் பார்த்தேன்.

சரி, நீயே ஜெயித்தாய் என்று வைத்துக்கொள். இந்த வாரத் தாளில் உன் கணக்குப்படியே எழுதியிருக்கிறேன். ஒன்பது சுழி. எண்ணிக்கொள். கடைசி நாளில் நிரப்புவதற்கு என்ன பெரிய பயிற்சி வேண்டியிருக்கிறது, கட்டத்தைக் கறுப்பாக்குவதுதானே. அதை அங்கே போய்ச் செய்துகொள்கிறேன். இங்கே உன் விதிக்கே இருக்கிறேன்.

அதற்குப் பதிலாக இரண்டு வரி எழுது. அம்மாவின் கண்ணுக்குக் கண்ணாடி மாற்றினார்களா? முதலாளி இன்னும் அந்த ஒரே பாட்டைத்தான் முணுமுணுக்கிறாரா? மூட்டை அறையில் நாள் முழுக்க மாவு வாசனை. மற்ற இரண்டு பேரும் ஒருவரோடொருவர்தான் பேசிக்கொள்கிறார்கள். என்னிடம் யாரும் சண்டைகூடப் போடுவதில்லை.

சின்னவள்


நவம்பர் 21

சின்னவளுக்கு,

26.5. மூன்று தப்பு. சுழி போட்ட ஒன்பதில் எதையும் தொடாமல் விட்டது நல்லது. இப்படித்தான் இருக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. முதல் நாள் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "நீ இவ்வளவு இளைச்சா போயிட்ட?" என்றார். ஐந்து மாதமாக இளைத்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் தெரிந்திருக்கிறது. முதலாளி பாட்டை மாற்றிவிட்டார். புதுப் பாட்டு இன்னும் மோசம். நேற்று ஒரு மேல் செட்டைக் கீழ் செட்டோடு சேர்த்துக் கடிக்க வைத்துப் பார்த்தபோது உன் சிரிப்பு ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே, அந்தப் பல் செட்டின் முன்பல் உன்னுடையதைப் போலவே கொஞ்சம் கோணல்.

குளிருக்குப் போர்வை அனுப்பச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

பெரியவன்


ஜனவரி 10

பெரியவனுக்கு,

போர்வை வந்தது. இரண்டு மாதமாக வந்த உன் கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்படி எழுதினால் நீ ஊதிப்போவாய் என்று தெரியும், போகட்டும்.

பரீட்சைக்கு ஐந்து வாரம். நேற்று கடிகாரம் எங்கள் மூன்று பேரையும் வைத்து ஒரு தாள் எழுத வைத்தார். நான் பதினைந்து இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "இத ஏன் விட்ட? சும்மா ஒண்ணு போட வேண்டியதுதான?" என்றார். போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். நேரமும் இருந்தது. ஆனால் பென்சில் அந்தக் கட்டத்தில் இறங்கவில்லை. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அதனால் இந்த வாரத் தாளில் நாற்பதையும் நிரப்பியிருக்கிறேன். பதினொன்று ஊகம். கடைசி ஐந்து வாரமாவது புதுசின் கணக்கில் திருத்து. உன் விதியைக் குறை சொல்லவில்லை. கையைப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். கெஞ்சுகிறேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்.

சின்னவள்


ஜனவரி 17

25. பதினொரு இடத்தில் தெரிந்த மாதிரி நடித்திருக்கிறாய். போன வருடம் நான் செய்ததை நீயும் செய்வதென்றால் எனக்கு எதற்கு அனுப்புகிறாய்.


ஜனவரி 24

பெரியவனுக்கு,

பெயர்கூடப் போடாமல் எழுதியிருக்கிறாய்.

தாள் இத்துடன் இருக்கிறது. பத்து சுழி. எதையும் தொடவில்லை. இனி கடிதம் எழுது.

சின்னவள்


பிப்ரவரி 17

பெரியவனுக்கு,

நேற்று எழுதி முடித்தேன். முடிவு வரும்வரை நேர்முகத்துக்குப் பயிற்சி என்று இங்கேயே வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு விடமாட்டார்கள்.

நல்ல தாள். எனக்கென்றே எழுதிய மாதிரி இருந்தது. நீளமான கேள்விகள், ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். எண்பத்தாறை முடித்தபோது இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. என் வாழ்க்கையில் பரீட்சைக் கூடத்தில் ஜன்னலைப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது நேற்றுதான்.

பதினான்கு சுழி.

கண்காணிப்பாளர் அம்மா கடைசிப் பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு, "தெரியலன்னாலும் எதையாவது ஒண்ணப் போடுங்க. கழிக்க மாட்டாங்க" என்றார். சுற்றிலும் எல்லாரும் சரசரவென்று நிரப்பினார்கள். நானும் குனிந்தேன். முதல் சுழிக்குப் போனேன். இரண்டா மூன்றா என்று பார்த்தேன். உன் நீலப் பென்சில்தான் தெரிந்தது. அடுத்ததற்குப் போகலாம், அதில் தைரியம் வரும் என்று நினைத்தேன். இப்படியே பதினான்கையும் சுற்றி வந்தேன். மணி அடித்தது.

கூடத்தை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. அம்மாவிடம் சொல்லாதே. எண்பத்தாறே போதுமானதாக இருக்கலாம்.

சின்னவள்


மார்ச் 6

சின்னவளுக்கு,

68 என்று உனக்கு அங்கேயே தெரிந்திருக்கும். உள்ளே போக இந்த முறையும் 71 வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். அம்மா அரைமணி நேரம் தையல் இயந்திரத்துக்கு முன்னால் நூல் கோக்காமல் உட்கார்ந்திருந்தார்.

உன் விடைத்தாளின் நகலும் சரியான விடைகளும் நேற்று வீட்டு முகவரிக்கு வந்தன. உறையைப் பிரித்தது நான். பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். நீ விட்ட பதினான்கையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வரிசையாக எல்லாவற்றுக்கும் முதல் விடையைப் போட்டிருந்தால் இரண்டு சரி. இரண்டாவதைப் போட்டிருந்தால் மூன்று. மூன்றாவது, ஐந்து. நாலாவது, நாலு. அதாவது முதல் விடையைத் தவிர வேறு எதைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருந்தாலும் நீ உள்ளே.

ஜனவரியில் நீ நிரப்பி அனுப்பிய தாளைப் பற்றி எழுத வேண்டும். அந்தத் தாள் வந்த அன்று நம்மோடு படித்த நெட்டை லேபுக்கு வந்திருந்தான். கல்லூரியில் பல் அமைப்பைப் படிக்க ஒரு பிளாஸ்டர் மாதிரி வேண்டுமாம். வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வந்தான். "டேய், நீ இங்கயா இருக்க? நல்லதாப் போச்சு, ஒண்ணு நல்லாப் பாத்து ஊத்திக் குடுடா" என்றான். ஊற்றிக் கொடுத்தேன். முதலாளி விளக்கில் பிடித்துப் பார்த்து, குமிழி என்று அவன் முன்னாலேயே திருப்பிக் கொடுத்தார். மூன்று முறை ஊற்றினேன்.

அப்புறம் உன் உறையைப் பிரித்தேன். நாற்பதும் நிரம்பியிருந்தது. புதுசின் கணக்கில் அது முப்பது. அதுவரை நீ எடுத்ததிலேயே அதுதான் அதிகம். எனக்கு அது தெரியும். என்னை அழித்த அதே காரியம் உன்னைத் தூக்கிவிடும் என்றால் அதை என்னால் பொறுக்க முடியவில்லை. முப்பதைப் போட்டிருக்க வேண்டும். 25 என்று போட்டேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதுவதற்கு எனக்கு முகம் இல்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

பெரியவன்


மார்ச் 10

பெரியவனுக்கு,

வரிசையாக எதைப் போட்டிருந்தால் எத்தனை சரி என்று நான் உன்னிடம் கேட்டேனா? அதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்வேன்? நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைக்க உனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. இறக்கிவிட்டாய். இப்போது அது என் கட்டிலில் கிடக்கிறது.

நான் உன் கணக்கை நம்பி ஏமாந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவ்வளவு மக்கு இல்லை. நீ 25 போட்ட தாளை அன்றைக்கே நானும் எண்ணிப் பார்த்தேன். முப்பது என்று எனக்கும் தெரியும். நிரப்பினால் கடிதம் வராது, சுழி போட்டால் வரும். ஆகவே சுழி போட்டேன். ஆறு பேர் படுக்கும் அறையில் ஒருத்திக்கு இரண்டு வரிக் கடிதம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று உனக்குப் புரியாது, போர்வை அனுப்பியதோடு உன் கடமை முடிந்துவிட்டது.

நெட்டையைப் பற்றி முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஒன்றை விட்டுவிட்டாய். நான் தோற்றால் அடுத்த வருடம் உன் முறை. அந்த இடத்தில் நீயும் ஒரு சுழி போட்டுவிட்டுத் தாண்டியிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நிலையத்துக்கு வராதே. பெட்டி கனமில்லை.

சின்னவள்


செப்டம்பர் 5

சின்னவளுக்கு,

நான்கு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். தண்ணீர் வந்துவிட்டது, விளக்கை அணை, இதைத் தவிர நாம் எதுவும் பேசவில்லை. "ஒரே வயித்துல ஒம்போது மாசம் இருந்தீங்க, ஒரே வீட்ல இருக்க முடியலையா?" என்று அம்மா ஒரு நாள் கேட்டார். நீ எழுந்து போய்விட்டாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் குளியலறைக் கதவை ஒட்டிய கட்டில்தான் கிடைத்திருக்கிறது. ஆண்கள் பக்கம் இன்னும் மோசம்.

நீ எழுதியது உண்மை. உன் முறை முடிந்தால் என் முறை என்பது அந்த நீலப் பென்சிலைப் பிடித்தபோது என் தலைக்குள் இருந்தது. இதை எழுத எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

என் மாதிரித் தேர்வுகள் 109, 117, 106, 119. உன்னைப் போல ஒரே இடத்தில் நிற்கவில்லை, குதித்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் கை ஊகிக்கிறது, சில நாள் உறைந்துபோகிறது. கடிகாரம் என்னைப் பார்த்து, "நீ அந்தப் பொண்ணோட அண்ணனா?" என்றார். அதற்கப்புறம் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. இருபதாம் தேதி மாற்றுவதற்குத் திறக்கிறார்கள். பழசா, புதுசா? இரண்டையும் உள்ளே இருந்து பார்த்தவள் நீ ஒருத்திதான். எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

இன்னொன்று கேட்கவும் வாய் கூசுகிறது. வாரத் தாள் அனுப்புவாயா? அனுப்பினால் எந்தக் கணக்கில் திருத்துவாய் என்றும் எழுது. தப்புக்குக் கழிப்பாயா?

பெரியவன்


செப்டம்பர் 12

பெரியவனுக்கு,

அம்மா நலம். லேபில் மேசை ஓரத்தில் உன் ஸ்டூலில்தான் உட்காருகிறேன். ஒரு கால் ஆடுகிறது என்று நீ சொன்னதே இல்லை.

பிளாஸ்டரை நீ அவசரமாக ஊற்றியிருக்கிறாய். அச்சின் ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தட்டிக்கொண்டே இருந்தால் குமிழி மேலே வந்து உடைந்துவிடும். நான் மெதுவாகத்தான் செய்கிறேன். எனக்கு வேறு மாதிரி செய்யவும் தெரியாது. முதல் வாரத்திலேயே முதலாளி விளக்கில் பிடித்துப் பார்த்து, "உங்க அண்ணன் கைய விட இந்தக் கை நல்லா இருக்கே" என்றார். நான் சந்தோஷப்படவில்லை. ஆனால் அவர் சொன்னதை உனக்கு எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

நானும் இந்த வருடப் பரீட்சைக்கு ஒரு விண்ணப்பம் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். பழசா, புதுசா என்பது உனக்குத் தேவையில்லை. நீ எதை எழுதுவது என்று என்னைக் கேட்காதே. போன வருடம் நான் உன்னைக் கேட்டேன்.

தாள் இத்துடன் இருக்கிறது. நாற்பது கேள்வி, ஆர்டர் தாளின் பின்பக்கம். வாராவாரம் அனுப்புவேன், ஒரு வாரம்கூடத் தவறாது. நீ எழுதி அனுப்பு, திருத்துவேன். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எழுதமாட்டேன். தாளும் திரும்பி வராது. ஒரே ஓர் எண் மட்டும் வரும், கடிதம் இருக்காது.

தப்புக்குக் கழிப்பேனா என்று கேட்டிருக்கிறாய். சொல்லமாட்டேன். தெரியாத கேள்வி வரும்போது நீயே உட்கார்ந்து யோசி.

சின்னவள்